சட்டைப் பையில் இரண்டு பியூஸ்

ஜூன் 9

அண்ணாவுக்கு,

முன்னால் 'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் விண்ணப்பத்தை நான்காகக் கிழித்துப் போட்டவனுக்கு 'அண்ணா' என்பதே அதிகம். நீ கிழித்த மறுநாளே இன்னொன்று வாங்கி அம்மாவிடம் நீட்டினேன். அவள் என்ன ஏது என்று படிக்கக்கூட இல்லை. "போறதுன்னு முடிவு பண்ணிட்ட. நான் சொன்னா மட்டும் நிக்கவா போற?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வந்து ஒரு வாரம் ஆகிறது. எலக்ட்ரீஷியன் பயிற்சி என்றால் முதல் நாளே ஒயரைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கொடுத்தது சுத்தியலும் உளியும். ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கட்டுகிற கட்டிடத்தில் சுவரைக் கொத்தி, ஒயர் போகிற பைப்பைப் புதைக்கத் தடம் வெட்டுகிறோம். மூக்கு, காது, தலைமுடி எங்கும் சிமெண்ட் தூசி. தலைக்குக் குளித்தால் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. உள்ளங்கையில் நான்கு கொப்புளம். ஒன்று உடைந்துவிட்டது. அழுதாயா என்று கேட்காதே. அழவில்லை, கண்ணில் தூசி.

பயிற்சிக்கு வந்திருப்பவர்கள் பதினொரு பேர். அதில் பெண் நான் ஒருத்திதான். என்னோடு ஜோடி சேர்த்திருப்பவன் ஏணி இல்லாமலே கூரையைத் தொடுகிற உயரம், அதனால் எல்லாருக்கும் அவன் நெட்டை. போர்மேன் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லாரும் 'ஏய்'தான். என்னை மட்டும் 'ஏம்மா' என்கிறார். அந்த மட்டில் மரியாதை.

சின்னண்ணன் பார்த்த வேலையைத்தான் நானும் பார்ப்பேன் என்று சொன்னபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவனோடு அவன் வேலையையும் சேர்த்துப் புதைத்தாக வேண்டும் என்று உனக்கு என்ன பிடிவாதம்? நீயும் அவனோடு சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் அதே வேலையைப் பார்த்தவன்தானே?

குளியலறை பல்பு இன்னும் மாற்றாமல்தான் கிடக்கிறதா? எலக்ட்ரீஷியனாக இருந்தவன் ஒரு பல்பைத் தொடப் பயப்படுகிறான் என்று வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். கவலைப்படாதே, நான் சொல்ல மாட்டேன்.

மிளகாய்


ஜூன் 21

அன்புள்ள மிளகாய்க்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் 'அன்புள்ள' என்றுதான் எழுதுவேன். மூத்தவனாகப் பிறந்துவிட்டேன், வேறு வழியில்லை.

மற்ற கொப்புளங்களை உடைக்காதே, தானே வற்றட்டும். உளியை முஷ்டி இறுகப் பிடிக்காதே, விரலை விட்டுப் பிடி. கொத்தும்போது வாயை மூடிக்கொள், உனக்கு அதுதான் கஷ்டம். நான் உனக்குத் தொழில் சொல்லித் தருகிறேன் என்று நினைத்துவிடாதே. நீ அங்கே இருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் புண்ணாகிற கை என் தங்கையின் கை அல்லவா?

என் பாடு எப்போதும் போலத்தான். காலையிலிருந்து மாலை வரை செருப்புக் கடையில் ஊரார் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வந்தவர்களில் பாதிப் பேர் பத்து ஜோடி போட்டுப் பார்த்துவிட்டு, போட்டு வந்ததையே போட்டுக்கொண்டு போகிறார்கள். போகட்டும். செருப்பு யாரையும் கொல்லாது.

அம்மா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், கிழித்த கதையை மட்டும் விட்டுவிட்டேன்.

தம்பியை ஏன் இழுக்கிறாய்? நடந்தது உனக்குத் தெரியும். கரண்ட் ஓடுகிற லைனிலேயே வேலை செய்தான். பயம் கிடையாது, கை அவ்வளவு சுத்தம். கட்டிடத்து வாசல் கேட்டில் அவனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது, வாட்ச்மேன் கூப்பிட்டான், இவன் திரும்பினான், கை பட்டுவிட்டது. அப்படிப்பட்டவனுக்கே அந்தக் கதி என்றால் நீ எம்மாத்திரம்? இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. திரும்பி வந்துவிடு, ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

பல்பு மாற்றவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே குளித்துவிடுகிறோம்.

அண்ணன்


ஜூலை 14

அண்ணா,

உன் யோசனைப்படி விரலை விட்டுப் பிடித்துப் பார்த்தேன், வலி பாதியாகிவிட்டது. நன்றி சொல்ல மாட்டேன்.

போன வாரம்தான் முதல் தடவையாக மெயின் போர்டைத் திறந்து காட்டினார்கள். பள்ளிக்கூடத்தின் பழைய கட்டிடத்தில் இருக்கிற போர்டு. மூன்று கம்பி உள்ளே வருகிறது, மூன்றுக்கும் ஆளுக்கொரு பீங்கான் பியூஸ், பிடுங்கினால் அந்தக் கம்பியில் கரண்ட் நின்றுவிடும். போர்மேன் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பையைத் தட்டிக்காட்டிச் சொன்னார்: "லைனை நிறுத்திட்டேன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. எவன் மேல ஏறி வேலை செய்யறானோ, பியூஸ் அவன் பாக்கெட்ல இருக்கணும். உன் உசுரை அடுத்தவன் பாக்கெட்ல வச்சுட்டு ஏணி ஏறாதே." நெட்டை அன்றைக்கென்று பை இல்லாத பனியனோடு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டான். எனக்கும் பை வைத்த சட்டை கிடையாது. ஆண்கள் சட்டையாகவே இரண்டு வாங்கினேன். கை நீளம், தோள் அகலம், கோமாளி மாதிரி இருக்கிறேன்.

நீங்களும் இப்படித்தான் செய்வீர்களா? சின்னண்ணன் ஏன் இதைச் செய்யாமல் போனான் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திட்டினாலும் திட்டு. ஞாயிற்றுக்கிழமை சின்னண்ணியைப் பார்க்கப் போனேன். அவள் பிறந்த வீடு இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். இந்த மூன்று வருஷத்தில் நம் வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை அங்கே போகவில்லை. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "அத்தைக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள். யார் அவளை வீட்டை விட்டு அனுப்பினார்களோ அவர்களைப் பற்றித்தான் முதல் கேள்வி.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றாள். டாக்டரிடம் போகலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. அன்றைக்குக் கேட்டுக்குப் போன் செய்தாளே, எதற்குத் தெரியுமா? வீடு திரும்பும்போது பல்வலி மாத்திரை வாங்கி வரச் சொல்ல. அதே பல். இன்னும் பிடுங்கவில்லை. "அந்த மாத்திரையைக் கேட்டுத்தானே அவரைக் கொன்னேன். இப்ப பல்லைப் பிடுங்கிப்போட்டுட்டு நிம்மதியா இருக்கச் சொல்றியா?" என்று கேட்டாள்.

'உன் போன்தான்டி என் பிள்ளையைக் கொன்னுச்சு' என்று அம்மா எல்லார் முன்னாலும் சொன்னாளே, அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உனக்கு முன்னால் தம்பி கல்யாணம் செய்துகொண்டான் என்ற கோபம் அம்மாவுக்கு முதலிலிருந்தே இருந்தது. அந்தக் கோபம் அன்று வாய் திறந்தது. நீயாவது ஒரு தடவை போய் அவளைப் பார்க்கக் கூடாதா?

மிளகாய்


ஜூலை 23

மிளகாய்க்கு,

அங்கே இனிமேல் போகாதே. அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபடும். நீ எழுதியதில் அந்தப் பகுதியை நான் படித்துக் காட்டவில்லை.

போர்மேன் சொல்வதைக் கேட்டு நட, அது போதும். பழைய கணக்கெல்லாம் உனக்கு எதற்கு? பல்வலிக்கு அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

கடையில் கூட்டம். விரிவாக எழுத நேரமில்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 11

அண்ணா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கிழிப்பதில் நானும் உன் தங்கைதான்.

பழைய கட்டிடத்துப் போர்டைக் கழற்றிவிட்டுப் புதிது வைக்கிறார்கள். கழற்றிய பியூஸ்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தவள், நடுவில் ஒன்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அந்தக் கனமும் வழவழப்பும் என் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது.

சின்னண்ணன் போன அன்று நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாய். அம்மா கூடத்தில் சுருண்டு கிடந்தாள், அண்ணியைச் சுற்றிப் பெண்கள். நீ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தாய். அதை ஊற வைத்தது நான்தான். பையில் கை விட்டுப் பார்த்தேன். ஒரு பென்சில், இரண்டு வெள்ளைப் பீங்கான் கட்டைகள். அப்போது எனக்கு அது என்னவென்று தெரியாது. ஏதோ உன் வேலைச் சாமான், தொலைந்துபோகக் கூடாது என்று பொத்தான் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன். வீட்டில் நடந்த அமளியில் உன்னிடம் சொல்ல மறந்துபோனேன்.

கரண்ட் ஓடும்போதே சின்னண்ணன் வேலை செய்தான் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் உன் பையில் பியூஸ் எதற்கு? லைனை நிறுத்திவிட்டுத்தானே வேலையை ஆரம்பித்திருக்கிறீர்கள்? நிறுத்துவதென்றால் மூன்றைப் பிடுங்க வேண்டும். இருந்தது இரண்டு. மூன்றாவது எங்கே இருந்தது?

வேறு ஏதாவது காரணம் இருக்கும். இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் எழுதுகிறேன். 'பைத்தியமே, அது வேறு வீட்டுப் பழைய பியூஸ்' என்று ஒரு வரி எழுதிப் போடு. நான் நம்பிவிடுவேன்.

மிளகாய்


செப்டம்பர் 2

அண்ணா,

மூன்று வாரம் ஆகிவிட்டது. என் கடிதம் வந்ததா? பொத்தான் டப்பாவை ஒரு தடவை திறந்து பார்.

மிளகாய்


செப்டம்பர் 10

அன்புள்ள மிளகாய்க்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். பொத்தான்களும் ஊசியும்தான் இருக்கின்றன. நீ சொல்வது போல அதில் ஒன்றுமில்லை. அன்றைக்கு யாருக்கும் புத்தி புத்தியாக இல்லை, நீ எதையோ பார்த்து எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மா இருக்கிற நிலைமையில் பழையதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது? போனவன் வரப்போவதில்லை.

மழை தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தால் போர்வை அனுப்பியிருப்பேன். நீ அதையெல்லாம் எழுதுவதில்லை.

அண்ணன்


அக்டோபர் 2

அண்ணா,

டப்பாவைப் பற்றி இனிமேல் கேட்கப்போவதில்லை. இது வேறு விஷயம். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

போன திங்கட்கிழமை பள்ளியின் இன்னொரு பழைய கட்டிடத்தில், மாடியில் ஒரு வகுப்பறையில் விளக்குப் பெட்டியைத் திறந்து வேலை. அங்கே இன்னும் பழைய போர்டுதான். போர்மேனின் சட்டைப் பை ஆணி பட்டுக் கிழிந்திருந்தது. அதனால், "ஏம்மா, நீ போய் மூணையும் பிடுங்கி உன்கிட்டயே வச்சுக்கிட்டு போர்டுக்கிட்டயே நில்லு. யாரையும் கிட்ட விடாதே" என்று என்னைக் கீழே அனுப்பினார். முதல் தடவையாக என்னை நம்பி ஒரு வேலை. கால் தரையில் பாவவில்லை.

முதல் இரண்டும் சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இரண்டு தடவை இழுத்தேன், அசையவில்லை. அதற்குள் மேலேயிருந்து அவர் குரல்: "எடுத்துட்டியா?" அந்தக் குரல் உனக்குத் தெரியாது அண்ணா, சுவரே விலகி நிற்கும். பெண் பிள்ளைக்கு ஒரு பியூஸ் பிடுங்கத் தெரியவில்லை என்று நாளைக்கு எல்லாரும் சிரிப்பார்களே என்றுதான் தோன்றியது. "எடுத்துட்டேன்" என்று கத்திவிட்டேன். அவர் ஏணியில் ஏறுவதற்குள் எப்படியும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இழுத்தேன், இழுத்தேன், நகம் பிய்ந்ததுதான் மிச்சம்.

அவர் என் வார்த்தையை நம்பவில்லை. கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறார், அதன் விளக்கு எரிந்திருக்கிறது. இறங்கி வந்தார். திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று நினைத்தேன். என் முன்னால் நின்று, "ஏன் எடுத்துட்டேன்னு சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். வெட்கமாக இருந்தது, அதனால் பொய் சொன்னேன் என்று அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஒரு மாதம் நான் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. பெருக்குகிறேன், குப்பை அள்ளுகிறேன். நெட்டை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவன் மேல் தப்பில்லை. நாளைக்கு என் வார்த்தையை நம்பி ஏணியில் ஏற வேண்டியவன் அவன்தான்.

கண்ணை மூடினால் "எடுத்துட்டேன்" என்ற என் குரலே எனக்குக் கேட்கிறது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ அண்ணா? நீ சொன்னதே சரியோ?

மிளகாய்


அக்டோபர் 10

மிளகாய்க்கு,

நீ லாயக்கானவள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பு செய்த அதே மணி நேரத்தில், அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று, வாயைத் திறந்து சொன்னாய். உன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன் நான், மூன்று வருஷமாக என்னால் முடியவில்லை.

டப்பாவைப் பற்றி நான் எழுதியது பொய். உன் ஆகஸ்ட் கடிதம் வந்த அன்றே இரண்டையும் எடுத்துவிட்டேன். எறிய மனம் வரவில்லை. கடையில் ஒரு செருப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

நாங்கள் இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தோம். போர்டு கீழே, தம்பி மேல் மாடியில். பிடுங்கிய பியூஸை மேலே கொண்டுபோய் அவன் பையில் போட வேண்டும், அதுதான் முறை. மற்ற ஆட்களோடு வேலை செய்யும்போது அவன் அதை விடவே மாட்டான். என்னோடு என்றால் கேட்க மாட்டான். அண்ணனிடம் இருப்பதும் தன்னிடம் இருப்பதும் ஒன்று என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேலேயிருந்து, "அண்ணா, எடுத்துட்டியா?" என்று கேட்டான். "எடுத்துட்டேன்டா" என்றேன். அப்போது அது உண்மைதான். மூன்றும் என் பையில்தான் இருந்தன. அவன் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைத்திருப்பான், அவன் பழக்கம் எனக்குத் தெரியும்.

அரை மணி கழித்து, கீழே கதவு செய்துகொண்டிருந்த தச்சர் வந்தார். "ரெண்டே பலகைதான், பத்து நிமிஷம் மெஷின் ஓட்டிக்கறேன், ஒரு லைன் குடு" என்றார். அவருக்கு ஒரு கம்பி போதும். மூன்றில் அந்தக் கம்பி தம்பி நிற்கிற பக்கம் போகவில்லை என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான், போய்ப் பார்க்கவில்லை. மேலே ஏறி, "ஒண்ணைப் போடறேன், நீ கீழ வா" என்று சொல்லியிருக்க வேண்டும். காலையிலிருந்து ஏறி இறங்கிக் கால் கடுத்தது. படியைப் பார்த்தேன், ஏறவில்லை. பியூஸைப் போட்டேன்.

போன் வந்தது உண்மை. அது வந்தபோது நான் மேலே அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் கீழேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தம்பி அதற்கு முன்பே போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் அழுதுகொண்டே, "வீட்டுலருந்து போன்னு கூப்பிட்டேம்மா, பதிலே வரல" என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள். "கரண்டுல கை வச்சிருந்தப்ப போனுன்னு கூப்பிட்டதும் திரும்பிட்டானாடா?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் எந்தப் பொய்யையும் சொல்லவில்லை மிளகாய். தலையை மட்டும் ஆட்டினேன். மற்றதெல்லாம் அம்மா சொன்னாள், ஊர் சொன்னது. அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டும்போது நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். பல்லைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒரு வாய் உள்ளே போகவில்லை. அப்படியும் 'அங்கே போகாதே' என்றுதான் உனக்குப் பதில் எழுதினேன். என்னைப் போன்ற ஒருவனுக்கு நீ என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

விண்ணப்பத்தைக் கிழித்தது உனக்காக மட்டும் இல்லை. நீ இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் ஒரு நாள் இதைக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன்


அக்டோபர் 18

அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முதல் தடவை படித்ததும் வேலைக்கு நடுவில் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை தூசி இல்லை.

நீ செய்த தப்பும் நான் செய்த தப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மேலே நின்றவர் என்னை நம்பவில்லை, சின்னண்ணன் உன்னை நம்பிவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காக உன்மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. படி ஏறாததை மன்னித்துவிடுவேன். தலையை ஆட்டினாயே, அதை என்னால் முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை. ஒரு பெண் தன் கையாலேயே புருஷனைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் உயிரோடு இருந்திருக்கிறாள். நீ அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

அண்ணியிடம் நான் சொல்லப்போவதில்லை. அது என் வாயிலிருந்து வரக் கூடாது. கடிதமும் போடாதே, நேரில் போ. அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

மிளகாய்


நவம்பர் 24

மிளகாய்க்கு,

போனேன். தாமதம்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை ஏறிவிட்டேன்.

அவள் வாசல் பக்கம் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, படியைப் பார்த்ததையும் சொன்னேன். முடித்த பிறகு, "அப்ப நான் போன் பண்ணினப்போ..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "அவன் அப்பவே போயிட்டாம்மா. உன் போனுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். "மூணு வருஷம்" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள். நான் காலில் விழப் போனேன். விலகிக்கொண்டாள். 'போயிட்டு வாங்க' என்று சொல்லவில்லை. "போங்க" என்றாள்.

அன்றே அம்மாவிடமும் சொன்னேன். அடித்திருந்தால் தேவலை. "இன்னொரு தடவை சொல்லு" என்றாள், சொன்னேன். காலையில் நான் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணோடு திரும்பி வந்தாள். அங்கே என்ன பேசினார்கள், யார் யார் காலைப் பிடித்தார்கள், எனக்குத் தெரியாது, கேட்கிற தகுதியும் இல்லை. தம்பியின் சாமான்களைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்ததாக அவள் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அம்மா விடவில்லை. என்னிடம் மட்டும் வாசலில் நின்றபடியே, "இவ இங்கதான் இருப்பா. நீ எங்க இருக்கணும்னு நீயே பாத்துக்க" என்றாள். அவள் என்னோடு பேசிய கடைசி வார்த்தை அது.

கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற அறை ஒன்று உண்டு. முதலாளி அதில் ஒரு கட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார். சுற்றிலும் செருப்புப் பெட்டிகள், நடுவில் நான். மேலே விலாசம் எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் இதைக் கொடுக்காதே. அவளாகக் கேட்டால் மட்டும் கொடு.

உன் ஒரு மாதத் தண்டனை முடிந்திருக்குமே? கருவிகளைத் தொட விட்டார்களா? இதற்குப் பதில் போடு என்று கேட்கவில்லை. தெரிந்தால் நன்றாக இருக்கும்.

அண்ணன்


டிசம்பர் 13

அண்ணா,

கருவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நெட்டையும் பேச ஆரம்பித்துவிட்டான். ஆனால் நான் என்ன சொன்னாலும் ஒரு தடவை தானே இறங்கி வந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான். நல்லதுதான். அப்படியே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான்கு நாள் விடுப்பில் வீட்டுக்குப் போயிருந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. கடை இருக்கிற தெரு முனை வரை வந்தேன், அதற்கு மேல் கால் வரவில்லை. உன்னிடம் பொய் சொல்ல வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அம்மா இளைத்துவிட்டாள். அண்ணியை ஒரு வேலை செய்ய விடுவதில்லை, எழுந்தால் உட்காரச் சொல்கிறாள், உட்கார்ந்தால் படுக்கச் சொல்கிறாள். அண்ணி பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்துகொண்டு ஒரே வீட்டில் நடமாடுகிறார்கள். உன் பேச்சு யார் வாயிலும் வரவில்லை. மூன்றாம் நாள் நான் வேண்டுமென்றே, "அண்ணன் கடைப்பக்கம் போயிருந்தேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா காதில் விழாதது போலத் துணி காயப்போடப் போய்விட்டாள். நான் கிளம்பும்வரை காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

அண்ணி கேட்டாள்.

பஸ்ஸுக்கு என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவள், பஸ் வருகிற நேரத்தில், "அவர் இப்ப எங்க இருக்காரு?" என்றாள். "எதுக்கு அண்ணி? திட்டணுமா?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "திட்டறதுக்கு இல்ல. எனக்கு அவரைப் பாக்கவும் பிடிக்கல. ஆனா அன்னிக்கு என் வீட்டுக்காரர் தலையை மடியில வச்சிருந்தது உங்க அண்ணன் ஒருத்தர்தானே. அவர் கண்ணு திறந்திருந்துச்சா, ஏதாவது சொன்னாரா, வலிச்சுதா, எனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் வேற யார்கிட்ட போய்க் கேக்கறது?"

விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பென்றால் என்னைத் திட்டிக்கொள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் அல்லவா, அன்று வருவாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடு. கேட்பதற்கெல்லாம் வாயைத் திறந்து பதில் சொல். அவள் போதும் என்று எழுந்திருக்கும்வரை நீ எழுந்திருக்காதே.

மிளகாய்